டென்னிஸ் பழக எதில் தொடங்குவது: பிரவுசரா, மொபைலா, கன்சோலா, சுவரா?

டென்னிஸ் பார்க்கப் பிடிக்கிறது, ஆனால் முழுசாகப் புரியவில்லை. அல்லது ஆடிப் பார்க்க ஆசை, கோர்ட்டில் போய் நிற்கத்தான் தயக்கம். இந்த இரண்டில் ஏதோ ஒன்று மனதில் இருக்கும்போதுதான் பலரும் இணையத்தில் இலவச டென்னிஸ் விளையாட்டு ஒன்றைத் தேடுகிறார்கள். தேடினால் கொட்டிக் கிடக்கிறது. பிரவுசரிலேயே திறந்து ஆடும் சின்ன விளையாட்டுகள், மொபைலில் விரலால் இழுத்து ஆடுபவை, கையை வீசி ஆடும் கன்சோல் வகை, நிஜப் போட்டியைப் போலவே இருக்கப் பார்க்கும் பெரிய சிமுலேஷன்கள். இவை போக, ஒரு ராக்கெட்டும் ஒரு சுவரும் போதும் என்கிற பழைய வழியும் இருக்கிறது.

எதில் தொடங்கலாம் என்று என்னைக் கேட்டால், போட்டியைப் புரிந்து பார்ப்பதுதான் நோக்கம் என்றால் பிரவுசர் விளையாட்டே போதும் என்பேன். ஆனால் அது டென்னிஸின் நிஜ ஸ்கோரை அப்படியே வைத்திருக்கும் விளையாட்டாக இருக்க வேண்டும். ராக்கெட் பிடித்து ஆடுவதுதான் நோக்கம் என்றால், திரையின் முன் அதிக நாள் உட்காராமல் சுவருக்குப் போய்விடுங்கள். மொபைலும் கன்சோலும் மோசம் இல்லை. அவற்றிலிருந்து கிடைப்பது கொஞ்சம் வேறு, அவ்வளவுதான்.

எதைக் கற்க வேண்டும்?

டென்னிஸின் அடிப்படையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஸ்கோர் எப்படி ஏறுகிறது என்பது ஒன்று. கோர்ட்டில் பந்தை எங்கே அடிக்க வேண்டும், அடித்துவிட்டு எங்கே நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. அதை உடம்பால் செய்வது மூன்றாவது. முதலாவதைத் திரையில் முழுசாகக் கற்றுவிடலாம். இரண்டாவதில் பெரும்பகுதி வரும். மூன்றாவது திரையில் வரவே வராது. எந்த விளையாட்டை எடுத்தாலும் இந்த மூன்றில் எது அதில் இருக்கிறது என்று பார்த்தால் முடிவெடுப்பது சுலபம்.

ஸ்கோரில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது அங்கேதான். புள்ளிகள் 15, 30, 40 என்று ஏறும், அதற்கடுத்த புள்ளியை எடுத்தால் ஒரு கேம். இருவரும் 40-இல் நின்றால் டியூஸ். அங்கிருந்து ஒருவர் தொடர்ந்து இரண்டு புள்ளி எடுத்தால்தான் கேம் முடியும். ஒன்று எடுத்து அட்வான்டேஜ் வந்து, அடுத்ததை விட்டுவிட்டால் மறுபடியும் டியூஸ்தான். குறைந்தது 6 கேம், அதுவும் இரண்டு கேம் வித்தியாசத்தில் எடுத்தால் ஒரு செட். 6-6 என்று வந்தால் டைபிரேக். அதில் 15, 30 எல்லாம் கிடையாது, சாதாரணமாக 1, 2, 3 என்று எண்ணி, இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் 7-ஐத் தொடுபவருக்கு செட். ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வ் போடுவார், அதாவது ஒவ்வொரு புள்ளியையும் முதல் அடி அடித்துத் தொடங்கி வைப்பார், அடுத்த கேமில் மற்றவர். டைபிரேக்கில் மட்டும் முதல் ஆள் ஒரு சர்வ் போட்டதும் கை மாறி, அப்புறம் ஆளுக்கு இரண்டிரண்டாகப் போகும்.

சரி, இத்தனை சுற்று எதற்கு என்று தோன்றலாம். 2019 விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடரர் மொத்தம் 218 புள்ளி எடுத்தார், ஜோக்கோவிச் 204. கோப்பை ஜோக்கோவிச்சுக்கு. 7-6, 1-6, 7-6, 4-6, 13-12. அப்போது விம்பிள்டனில் கடைசி செட்டில் மட்டும் 12-12 ஆனால்தான் டைபிரேக். அவர் ஜெயித்த மூன்று செட்டும் டைபிரேக்கில் வந்தவை. தோற்ற இரண்டில் ஒன்று 1-6. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரர் கையில் சர்வும் இருந்தது, ஆட்டத்தை முடிக்க இரண்டு வாய்ப்பும் இருந்தது. இரண்டும் போயின. மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுப்பதைவிட எந்தப் புள்ளியை எடுக்கிறோம் என்பதுதான் டென்னிஸில் பேசும். 40-0 என்று இருக்கும்போது ஒரு புள்ளியை விடுவதும் 30-40 என்று இருக்கும்போது விடுவதும் ஒன்றில்லை. இது மனதில் பதிந்துவிட்டால் டிவியில் பார்க்கும் ஆட்டமே வேறு மாதிரி தெரியும்.

பிரவுசர் விளையாட்டில் இது பதியுமா? ஸ்கோர் முறை அப்படியே இருந்தால் நன்றாகவே பதியும். டியூஸில் மாட்டிக்கொண்டு நாலைந்து முறை முன்னும் பின்னும் இழுபட்ட ஒருவருக்கு அட்வான்டேஜ் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. விதியைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட இது வேகமான வழி. ஆனால் பல சின்ன விளையாட்டுகள் சுருக்கமாக இருக்கட்டும் என்று இந்த முறையையே தூக்கிவிடுகின்றன. 1, 2, 3 என்று எண்ணி, 5 அல்லது 10 வந்ததும் முடித்துவிடுகின்றன. சில, எத்தனை பந்தைத் திருப்பி அடித்தீர்கள் என்று மட்டும் எண்ணும். அவை பொழுதுபோக்காக நன்றாகவே இருக்கலாம், டென்னிஸ் கற்க உதவாது.

பிரவுசர் விளையாட்டு தருவதும் தராததும்

கோர்ட்டின் கணக்கு இரண்டாவது விஷயம். நீளம் 78 அடி, அதாவது 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36. வலையின் உயரம் நடுவில் 3 அடி, ஓரத்துக் கம்பங்களில் மூன்றரை அடி. இந்த அரை அடி வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் மூலைக்கு மூலை குறுக்காக அடித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குறுக்காகப் போகும் பந்து வலையின் தாழ்ந்த நடுப்பகுதியைக் கடக்கிறது. அது போக, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஏறக்குறைய 82 அடி 6 அங்குலம். நேராக அடித்தால் 78 அடிதான். பந்து உள்ளே விழ நாலரை அடி கூடுதல் இடம், தாண்டுவதற்குத் தாழ்ந்த வலை. ஓரக் கோட்டையொட்டி நேராக அடிப்பவர் இந்த இரண்டு சலுகையையும் விட்டுக்கொடுத்துத்தான் அடிக்கிறார். அந்த அடி விழுந்தால் கூட்டம் ஆர்ப்பரிப்பது சும்மா இல்லை.

ஒரு சாதாரண பிரவுசர் விளையாட்டில் வலை ஒரே உயரமாகத்தான் வரையப்பட்டிருக்கும், ஆகவே இந்தச் சலுகை அங்கே தெரியாது. ஆனால் கோணம் தெரியும், காலியிடம் தெரியும். மவுஸை நகர்த்தினால் ஆள் நகர்வார், கிளிக் செய்தால் அடிப்பார் என்கிற எளிய அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் வந்த பந்தை எங்கேயோ திருப்பி அனுப்புவதே பெரிய விஷயமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கவனிப்பீர்கள்: எதிராளி வலது ஓரத்துக்கு ஓடிப்போய் அடித்தால், திரும்பி நடுவுக்கு வர அவருக்கு ஒரு கணம் ஆகிறது. அந்தக் கணத்தில் இடது பக்கம் திறந்து கிடக்கிறது. அங்கே அடித்தால் எட்டிப் பிடித்துவிடுகிறார், ஆனால் அவர் திருப்பும் பந்து வலுவில்லாமல் நடுவில் வந்து விழுகிறது. அதைத்தான் நீங்கள் முடிக்க வேண்டும். ஒரே அடியில் புள்ளி எடுக்கப் பார்க்காமல், முதல் அடியில் ஆளை நகர்த்தி, இரண்டாவதில் தடுமாற வைத்து, மூன்றாவதில் முடிப்பது என்கிற இந்த வரிசை நிஜ டென்னிஸின் உயிர்நாடி. கிளிக் அளவில் அது கைக்கு வந்துவிடுகிறது. எனக்குப் பிரவுசர் விளையாட்டுகள் மேல் மரியாதை வந்தது இதனால்தான்.

நல்ல விளையாட்டு என்றால் இன்னொன்றும் இருக்கும். கிளிக் செய்யும் நேரத்தைப் பொறுத்து பந்தின் திசை மாறும். வலது கைக்காரர் ஃபோர்ஹேண்டில் (ராக்கெட் பிடித்த கையின் பக்கமாக அடிப்பது) பந்தை சீக்கிரமே, உடம்புக்கு நன்றாக முன்னால் சந்தித்தால் அது குறுக்காக இடது பக்கம் போகும். தாமதமாகச் சந்தித்தால் வலது ஓரமாகப் போகும். நிஜ கோர்ட்டிலும் அப்படியேதான். திசையைத் தனி பட்டனில் தரும் விளையாட்டைவிட, நேரத்தால் திசை மாறும் விளையாட்டு எனக்கு எப்போதும் ஒரு படி மேல்.

இனி, தராதவை. சின்ன விளையாட்டுகளில் பந்து பெரும்பாலும் வெளியே போகாது, வலையிலும் சிக்காது. நீங்கள் தொட்டாலே உள்ளே விழும். நிஜத்தில், புதிதாக ஆடுபவர்களின் ஆட்டத்தில், பெரும்பாலான புள்ளிகள் யாரோ ஒருவர் வலையில் அடிப்பதிலோ வெளியே அடிப்பதிலோதான் முடிகின்றன. பந்தை உள்ளே வைத்திருப்பதே முதல் திறமை. இந்தப் பாடம் முழுசாக விட்டுப்போவது பெரிய குறை.

சர்வும் அப்படித்தான். நிஜத்தில் சர்வுக்கு இரண்டு வாய்ப்பு. கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனுக்குப் பின்னால் நின்று, குறுக்கே எதிர்ப்பக்கம் இருக்கும் சர்வீஸ் பாக்ஸுக்குள் போட வேண்டும். அந்தப் பெட்டி வலையிலிருந்து 21 அடி வரைதான் நீள்கிறது. ஒவ்வொரு கேமிலும் முதல் புள்ளி வலது பக்கத்திலிருந்து, அடுத்தது இடது, இப்படி மாறி மாறி. பந்து வலையை உரசிக்கொண்டு பெட்டிக்குள் விழுந்தால் லெட், திரும்பப் போடலாம். இரண்டு வாய்ப்பும் தவறினால் டபுள் ஃபால்ட், புள்ளி எதிராளிக்கு. முதல் சர்வைத் துணிந்து வேகமாகப் போடுவார்கள், அது தவறினால் இரண்டாவதைச் சுழற்சியோடு பத்திரமாகப் போடுவார்கள். எதிரே நிற்பவர் அதற்கேற்ப ஓரடி முன்னால் வந்து நிற்பதைப் பார்க்கலாம். முதல் சர்வ் உள்ளே விழுந்ததா இல்லையா என்பதிலேயே அந்தப் புள்ளியின் போக்கு பாதி முடிவாகிவிடும். சின்ன விளையாட்டுகளில் பெரும்பாலும் ஒரே கிளிக், பந்து தானாகப் பெட்டிக்குள் போய்விடும். இரண்டாவது சர்வ் என்கிற பயமே இல்லாத டென்னிஸ் அது.

இந்தக் குறைகள் புதிதல்ல. 1958-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், பார்வையாளர் தினத்துக்காக மின் அலைகளைக் காட்டும் ஆஸிலோஸ்கோப் என்ற கருவியின் திரையில் டென்னிஸ் ஒன்றைச் செய்து வைத்தார். கோர்ட்டைப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற காட்சி. நடுவில் வலையாக ஒரு சின்னக் கோடு, அதற்கு மேலே வளைந்து போகும் ஒளிப்புள்ளி. ஒரு குமிழைத் திருப்பிக் கோணத்தைத் தீர்மானித்து, பட்டனை அழுத்தி அடிக்க வேண்டும். பந்து ஈர்ப்புவிசைக்கு இறங்கியது, வலையில் முட்டியது. ஸ்கோர் மட்டும் இல்லை. 1972-இல் அட்டாரி வெளியிட்ட பாங் நேர் எதிர். ஸ்கோர் இருந்தது, பந்து மட்டும் தட்டையாக அங்குமிங்கும் போனது. வலைக்கு உயரம் கிடையாது, எகிறல் கிடையாது. இன்று பிரவுசரில் கிடைக்கும் டென்னிஸ் விளையாட்டுகளும் இந்த இரண்டு பாட்டன்களில் ஏதோ ஒருவர் பக்கம் சாய்ந்திருப்பவைதான். இரண்டையும் ஓரளவு சேர்த்திருக்கும் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

மொபைல்

மொபைல் விளையாட்டுகளில் விரலை இழுக்கும் திசையும் நீளமும் பந்தின் திசையையும் ஆழத்தையும் தீர்மானிக்கும். எதிரே பெரும்பாலும் எங்கோ இருக்கும் நிஜ மனிதர். இது பெரிய நன்மை. கணினி எதிராளிக்கு ஒரே மாதிரி பலவீனம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும். மனிதர் அப்படி இல்லை. அவருக்குப் பழக்கங்கள் இருக்கும், நெருக்கடி வந்தால் மாறுவார், ஏமாற்றவும் பார்ப்பார்.

ஆனால் ஆட்டம் சில நிமிடங்களில் முடிய வேண்டும் என்பதற்காக பலவற்றில் ஒரே ஒரு டைபிரேக் மாதிரி ஆடி முடித்துவிடுவார்கள். கேம், செட் என்பதே வராது. இன்னொன்று, ராக்கெட், ஷூ, தந்தி என்று ஒவ்வொன்றையும் தரம் உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல், நன்றாக ஆடுபவரைவிட நல்ல சாமான் வைத்திருப்பவர் ஜெயிப்பார். அந்தச் சாமானைக் காத்திருந்தும் வாங்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். குழந்தைகள் கையில் போன் இருந்தால், வாங்கும் வசதியை செட்டிங்கில் முன்பே பூட்டிவிடுங்கள். பேருந்தில் நேரம் போக இது சரி. டென்னிஸ் கற்கத் தேடுபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

கன்சோல்: கையை வீசுவதும் பட்டனை அழுத்துவதும்

கன்சோலில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேச முடியாது. 2006-இல் நின்டெண்டோவின் வீ ஸ்போர்ட்ஸ் வந்தபோது, ரிமோட்டை ராக்கெட்டாக வீசி ஆடும் டென்னிஸ் அதில் இருந்தது. 2022-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸிலும் அது உண்டு. அந்த முதல் வீ டென்னிஸில் ஆட்டக்காரர்கள் தாமாகவே பந்திடம் ஓடிவிடுவார்கள். சரியான நேரத்தில் வீசுவது மட்டும்தான் உங்கள் வேலை. நான்கு பேர் சேர்ந்து இரட்டையர் ஆடலாம், 15, 30, 40 என்ற முறையும் உண்டு. வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்கோர் முறையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கை வீசுகிறோம், ஆகவே ஷாட் கற்கிறோம் என்று நினைக்கக் கூடாது. சோபாவில் உட்கார்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலே ரிமோட்டுக்குப் போதும். நிஜத்தில் 56 முதல் 59 கிராம் வரை எடையுள்ள பந்து வேகத்தோடு வந்து தந்தியில் மோதும்போது, மணிக்கட்டு மட்டும் அதைத் தாங்காது. இடுப்பும் தோளும் திரும்பி, அந்தத் திருப்பத்திலிருந்து கை வர வேண்டும். மாதக்கணக்கில் சுண்டிப் பழகியவர் கோர்ட்டுக்குப் போனால் முதலில் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கும். தலையில் மாட்டும் விஆர் வகையில் பந்தின் தூரம் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது, எந்த இடத்தில் சந்திக்க வேண்டும் என்பது பிடிபடுகிறது. அங்கும் பந்தின் எடை கைக்கு வராது. அறையில் இடம் இல்லாவிட்டால் சுவரில் இடித்துக்கொள்வதும் நடக்கும்.

இன்னொரு வகை சிமுலேஷன். 1999-இல் சேகாவின் விர்ச்சுவா டென்னிஸ், 2003-இல் டாப் ஸ்பின் என்று வந்த வரிசையில் 2024-இல் வெளியான டாப்ஸ்பின் 2கே25 வரை இந்தக் குடும்பம் பெரியது. இவற்றில் தட்டையான அடிக்கு ஒரு பட்டன், டாப்ஸ்பினுக்கு ஒன்று, ஸ்லைஸுக்கு ஒன்று, உயரத் தூக்கும் லாபுக்கும் வலையருகே விடும் ட்ராப் ஷாட்டுக்கும் தனித்தனி. பிரவுசர் விளையாட்டில் கிடைக்காத சுழற்சி இங்கேதான் கிடைக்கிறது. பந்தின் மேற்புறம் முன்னோக்கிச் சுழன்றால் காற்று அதைக் கீழே இழுக்கிறது. அதனால் வலைக்கு மேலே நல்ல உயரத்தில் போயும் பேஸ்லைனுக்குள் வந்து விழுகிறது, விழுந்ததும் எகிறுகிறது. அதுதான் டாப்ஸ்பின். ஸ்லைஸில் சுழற்சி பின்னோக்கி. பந்து மிதந்து போய், விழுந்தபின் தாழ்வாகவே நிற்கும், எதிராளி முழங்காலை மடக்கிக் குனிந்து எடுக்க வேண்டும். களிமண் தரையில் பந்து மெதுவாக, உயரமாக எழும்பும். புல்தரையில் தாழ்வாக, விரைவாகச் சறுக்கும். களிமண்ணில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பனில் ராலிகள், அதாவது பந்து மாறி மாறிப் போய் வருவது, நீண்டுகொண்டே போவதும் புல்தரையில் நடக்கும் விம்பிள்டனில் சர்வுக்கு மவுசு கூடுவதும் இதனால்தான்.

போட்டிகளை ஆழமாகப் பார்க்க விரும்புபவர் வீட்டில் ஏற்கனவே கன்சோல் இருந்தால், பிரவுசரைத் தாண்டி நேரே இங்கே வரலாம் என்பேன். இல்லாவிட்டால் இதற்காக மட்டும் கன்சோல் வாங்க வேண்டியதில்லை. பட்டன்கள் கைக்கு வரவே நாள் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர் பாதியில் மூடி வைத்துவிடுவார்.

சுவர்

சுவரைப் பற்றி இங்கே சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. ஆட வேண்டும் என்கிற ஆசை இருப்பவருக்கு முதல் மாதத்தில் சுவர் கற்றுத் தருவதை எந்தத் திரையும் தராது. அது பந்தை எப்போதும் திருப்பிக் கொடுக்கும், சலிக்காது, உங்கள் தடுமாற்றத்தை யாரிடமும் சொல்லாது.

சுவரில் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், அதுதான் வலை. சுவருக்கு மிக அருகே நின்றால் பந்து மூச்சுவிட நேரம் தராமல் வந்து விழும். நன்றாகத் தள்ளி நின்று, ஆரம்பத்தில் இரண்டு முறை எகிற விட்டு அடிக்கலாம், தப்பே இல்லை. வழக்கமான மஞ்சள் பந்தைவிட மெதுவான பந்து கிடைத்தால் வாங்குங்கள். இவை நிறத்தில் அடையாளம் காணக்கூடியவை: பச்சை 25 சதவீதம் மெது, ஆரஞ்சு 50 சதவீதம், சிவப்பு 75 சதவீதம். குழந்தைகளுக்கென்று செய்தவைதான், ஆனால் பெரியவர்கள் ஆரஞ்சில் தொடங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை. பந்து மெதுவாக வந்தால்தான் உடம்பைத் திருப்பி அடிக்க நேரம் இருக்கும்.

ஃபோர்ஹேண்ட் பிடிக்கு சுலபமான வழி: உள்ளங்கையைத் தந்தியின் மேல் தட்டையாக வைத்து, அப்படியே கீழே கைப்பிடி வரை இழுத்து வந்து மூடிக்கொள்ளுங்கள். ஈஸ்டர்ன் பிடி வந்துவிடும். சர்வுக்கும், பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலிக்கும் வேறு பிடி, சுத்தியலால் ஆணி அடிக்கும்போது கை எப்படிப் பிடிக்குமோ அப்படி. அதைக் கான்டினென்டல் என்பார்கள். பந்தை உடம்புக்குப் பக்கத்தில் அல்ல, முன்னால் சந்திக்க வேண்டும். எதிராளி அடிக்கும் கணத்தில் இரண்டு காலிலும் லேசாகத் துள்ளி இறங்குவதை ஸ்ப்ளிட் ஸ்டெப் என்பார்கள், எந்தப் பக்கமும் உடனே கிளம்ப அது உதவும். பெரிய ஆட்டக்காரர்களின் காலை மட்டும் ஒரு கேம் முழுக்கப் பாருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் அது இருக்கும்.

சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதைத் தனியாகவே பழகலாம், அடிக்கவே வேண்டாம். நின்ற இடத்தில் முன்காலுக்குச் சற்று முன்னால் ராக்கெட்டைத் தரையில் வையுங்கள். பந்தை உள்ளங்கையில் அமுக்காமல் விரல் நுனிகளில் ஏந்தி, முழங்கையை மடக்காமல் கையை உயர்த்தி, முகத்தைத் தாண்டியபின் விடுங்கள். பந்து மேலே போய், ராக்கெட்டின் தந்தி மேலேயே விழ வேண்டும். முதலில் தலைக்குப் பின்னால் விழும், பக்கத்தில் விழும், காற்று அடித்தால் எங்கோ போகும். அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும்வரை சர்வ் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிரவுசரில் ஒரே கிளிக்கில் போகும் சர்வுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வை எதிரே நிற்பவர் அரை விநாடியை ஒட்டிய நேரத்தில் படித்துத் திருப்பி அனுப்புகிறார் என்பதும் அப்போது வேறு கனத்தோடு புரியும்.

சுவருக்கும் குறை உண்டு. அது உங்களை ஓட வைக்காது, ஸ்கோர் சொல்லாது, எங்கே அடித்தால் காலி என்று காட்டாது. வேகமாக அடிக்க அடிக்க வேகமாகத் திருப்பும் என்பதால் அவசர வீச்சு பழக்கமாகிவிடும். அதனால் சீக்கிரமே ஒரு துணை தேடிக்கொண்டு, கோர்ட்டில் இருவரும் சர்வீஸ் பாக்ஸ் முடியும் கோட்டுக்கு உள்ளேயே நின்று மெதுவாகத் தட்டிக்கொள்வது நல்லது. மினி டென்னிஸ் என்று சொல்வது அதைத்தான்.

யாருக்கு எது

ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு டென்னிஸ் காட்ட நினைத்தால் திரையே வேண்டாம். சிவப்புப் பந்தும் சின்ன ராக்கெட்டும் போதும். அந்த வயதுக்கான கோர்ட்டே 11 மீட்டர் நீளம்தான், எந்த வெற்றிடத்திலும் கோடு போட்டுக்கொள்ளலாம். முழங்கால் வலி காரணமாக ஓட முடியாதவருக்கு, கை வீசும் கன்சோலைவிட சிமுலேஷன் அல்லது பிரவுசர் நல்லது. யோசனைதான் அங்கே வேலை, வீசும் வேகத்தில் தோளைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. குடும்பமாகச் சேர்ந்து ஆட வீ வகைதான். வார இறுதியில் நண்பர்களோடு கோர்ட்டில் இறங்கப் போகிறவர் பிரவுசரில் ஒன்றிரண்டு நாள் ஸ்கோரைப் பழகிக்கொண்டு, மீதி நேரத்தைச் சுவரிடம் கொடுக்கலாம்.

பார்ப்பதே நோக்கம் என்றால், ஒரு பிரவுசர் விளையாட்டில் ஒரு முழு செட் ஆடிவிட்டு, அன்றே ஒரு நிஜப் போட்டியில் ஒரு செட் பாருங்கள். முதல் சர்வ் தவறும்போது என்ன மாறுகிறது, 30-30 வந்ததும் சர்வ் போடுபவர் எந்தப் பக்கம் போடுகிறார் என்று இரண்டை மட்டும் கவனித்தால் போதும். ஐந்தாவது செட் நீளுமா என்ற கேள்வி வந்தால் அதற்கும் பதில் உண்டு. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள், கடைசி செட் 70-68 என்று இஸ்னருக்குப் போனது. 2022-இலிருந்து, கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனதும் 10 புள்ளி டைபிரேக்கில் முடிந்துவிடுகிறது. இனி அப்படி ஓர் ஆட்டத்துக்கு அங்கே வழியில்லை.

பிரவுசர் விளையாட்டு ஒன்றைத் திறந்ததும் வைத்துக்கொள்வதா மூடுவதா என்று ஐந்து நிமிடத்தில் தீர்மானித்துவிடலாம். வேண்டுமென்றே ஒரு பந்தைத் தாமதமாக அடியுங்கள், திசை மாறுகிறதா? வேண்டுமென்றே ஓரத்துக்கு இழுத்து அடியுங்கள், வெளியே போகிறதா? முதல் சர்வைத் தவறவிட முடிகிறதா, விட்டால் இரண்டாவது வாய்ப்பு தருகிறதா? 40-40 வரை கொண்டுபோய்ப் பாருங்கள், டியூஸ் என்று காட்டுகிறதா? ராலியின் நடுவில் விளம்பரம் வந்து குறுக்கிட்டாலோ, ஆடத் தொடங்கும் முன்பே கணக்கு திறக்கச் சொன்னாலோ உடனே மூடிவிடுங்கள், அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும். நாலு கேள்விக்கும் ஆமாம் என்று வருவது அபூர்வம். மூன்று வந்தாலே நல்ல விளையாட்டு. ஒன்றுதான் கிடைக்கும் என்றால், பந்து வெளியே போகக்கூடிய விளையாட்டையே நான் எடுப்பேன், ஸ்கோர் முறை அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. ஸ்கோரை இந்தக் கட்டுரையிலிருந்தோ ஒரு போட்டியிலிருந்தோ பிடித்துக்கொள்ளலாம். கோட்டுக்கு ஓரடி உள்ளே குறி வைக்கும் பழக்கம், வெளியே அடித்துப் புள்ளியை இழந்தால்தான் வருகிறது.